இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

அந்த இயந்திரம் மூன்று அட்டைப் பெட்டிகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் கூடத்தில் திருகாணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து பொறுமை இழந்துபோனாள். வாரம் முழுக்க லிஃப்டைக் கட்டிக்கொண்டு அழுவது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்துவிட்டேன் என்றாள். நான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டேன்.

மாலைக்குள் அது ஒரு பெரிய சூட்கேஸ் அளவுக்கு எழுந்து நின்றது. அலுமினியச் சட்டம், மூன்று மோட்டார், நடுவில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தலை. தலையில் கடையும் மோட்டாரை மாட்டினால் மரத்தைக் குடையும். அதைக் கழற்றிவிட்டு லேசரை மாட்டினால் மரத்தைச் சுட்டுப் படம் போடும். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கடுகளவு இருந்துகொண்டு வீட்டையே ஆட்டிவைத்ததால் அவளைச் சுண்டு என்று கூப்பிடுவோம். அவள் இயந்திரத்துக்குக் ‘கிறுக்கி’ என்று பெயர் வைத்தாள்.

போட்டோவை மரத்தில் சுடுவது மந்திரமில்லை. போட்டோவில் எவ்வளவு இருட்டோ அவ்வளவு சூடு, அவ்வளவுதான் கணக்கு. கறுத்த முடிக்கு முழுச் சூடு, கன்னத்து நிழலுக்குக் கால் சூடு. வெள்ளைச் சட்டை வந்தால் லேசர் அணைந்து, தலை சும்மா கடந்துபோகும். அங்கே மரம் மரமாகவே இருக்கும். தலைமயிர் கனத்தில் ஒவ்வொரு வரியாக, இடமிருந்து வலம் ஒன்று, வலமிருந்து இடம் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு வரிக்கு ஆறு நொடி. ஒரு படத்துக்கு இரண்டாயிரம் வரி. எத்தனையாவது வரி என்று பக்கத்தில் இருக்கும் கணினித் திரையில் எண் ஓடும்.

படம் அடியிலிருந்துதான் தொடங்கும். அதனால் ஆள் நிற்கும் படமென்றால் முதலில் தரை வரும். பிறகு காலணி. முகம் வர இரண்டு மணி நேரமாவது ஆகும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேசர் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும். அதனால் பின்னறையில் இயந்திரத்தை வைத்த அன்றே தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். கிறுக்கி ஓடும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. சுண்டு ஒரு நாளும் தாண்டியதில்லை. “இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு” என்று நான் சொன்னால் ஓரடி பின்னால் வைத்து, “போதுமாப்பா?” என்று கேட்பாள். நான் போதும் என்று சொல்லும்வரை ஒவ்வோரடியாகப் பின்னால் போய்க்கொண்டே இருப்பாள். சில நாள் வேலை மும்முரத்தில் பதில் சொல்ல மறந்துவிடுவேன். கூடத்தைக் கடந்து வாசற்கதவு வரைக்கும் போய் அங்கிருந்து, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, “போதுமாப்பா?” என்று கத்துவாள். நானும் என் மனைவியும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவளைப்போல் சொன்ன பேச்சுக் கேட்ட குழந்தையை நான் பார்த்ததில்லை.

ஆறாவது வயதில் சுண்டு ஏரியில் விழுந்து இறந்துபோனாள். நான்தான் கூட்டிப் போயிருந்தேன். நடந்ததை நான் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னேன்: போட்டோ எடுத்து முடித்தேன், போனைப் பைக்குள் வைத்தேன், நிமிர்வதற்குள் ஓடிவிட்டாள்.

என் மனைவி அதை நம்பினாள். நம்பியும் ஒரு கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பாள், சட்டென்று குழாயை மூடிவிட்டுக் கேட்பாள்.

“ஒரு நாளும் ஓடாத பொண்ணு, அன்னிக்கு மட்டும் ஏங்க ஓடினா?”

தெரியவில்லையே என்பேன். எனக்குத் தெரியும். அதை அவளிடமிருந்து மறைத்து வைப்பதற்கே பதின்மூன்று மாதம் என் உயிர் போய்க்கொண்டிருந்தது. அவள் தெரிந்துகொண்டால் எனக்கு மகளும் இல்லை, மனைவியும் இல்லை.

ஒருநாள் அவளே கேட்டாள். ஊரில் யார் யாருக்கோ சுட்டுத் தருகிறீர்களே, நம் பிள்ளை படம் ஒன்று பண்ணித் தரக்கூடாதா, அந்தக் கடைசிப் படம், அதில்தான் அவள் நன்றாகச் சிரிக்கிறாள் என்றாள். மாட்டேன் என்று எந்தக் காரணத்தைச் சொல்வது?

அந்தப் படத்தில் சுண்டு வெள்ளை கவுனும் கறுப்புக் காலணியும் போட்டுக்கொண்டு ஏரி நடைபாதையில் நிற்கிறாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் சதுரச் சதுரமாகத் தரைக்கற்கள். ஆறு கல் தாண்டினால் இரும்புக் கம்பி வேலி. வேலியில் ஓரிடத்தில் கம்பி இல்லை. அதற்கப்பால் தண்ணீர்.

முதல் பலகை சுட்ட அன்று என்னால் மரத்தைப் பார்க்க முடியவில்லை. திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரைக்கல், தரைக்கல். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் காலணி தொடங்கியது. என் மனைவி சாக்கட்டிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, லேசரிலிருந்து கண்ணைக் காக்கும் பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முட்டி வந்தது. கவுன் வந்தது; அது சுடப்படாத வெறும் மரம். கழுத்து, மோவாய், பல் விழுந்த சிரிப்பு.

“வந்துட்டா” என்றாள் என் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். பலகையைக் கூடத்தில் மாட்டினோம்.

தன் அக்காவுக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறு இரண்டாவது பலகையை ஏற்றினேன். அதே ஃபைல், அதே அளவு, அதே மரம். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. போயிற்று. காலணி வரவில்லை. பலகையைச் சற்று இறக்கி வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருநூற்று அறுபதில் வந்தது.

முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேலி இரண்டிலும் ஒரே உயரத்தில் இருந்தது. தரைக்கற்களின் இடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தின. தண்ணீரின் கரையும் அப்படியே. நுட்ப அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்து அளந்தேன்.

சுண்டு மட்டும் ஒன்பது மில்லிமீட்டர் குறைந்திருந்தாள்.

லிஃப்ட் தாறுமாறாக நின்றால் எங்கே பார்க்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். பெல்ட்டைப் பார்த்தேன், கப்பியைப் பார்த்தேன், மோட்டார் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன். இயந்திரத்தில் கோளாறு இருந்தால் வேலியும் சேர்ந்துதானே சுருங்க வேண்டும்? செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டேன். என் மனைவி காலையில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனதும் மூன்றாவது பலகையை வைத்தேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணி அலசும் சத்தம் கேட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு.

இருநூற்று அறுபது.

முந்நூற்று ஒன்று. இரண்டு சிறிய காலணிகள், கறுப்பாக.

அப்போதுதான் கல்லை எண்ணினேன். முதல் பலகையில் அவள் நின்ற கல், படத்தில் உள்ளபடியே. இரண்டாவதில் அதற்குப் பின்னால் இருக்கும் கல். மூன்றாவதில் அதற்கும் பின்னால். ஒவ்வொரு பலகைக்கும் சரியாக ஓரடி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த அடிகளை அவள் ஏற்கெனவே ஒருமுறை வைத்திருக்கிறாள்.

அவள் ஓடவில்லை.

அந்தப் படம் எடுத்த பிறகு, ஏரி முழுவதும் விழுகிற மாதிரி இன்னொன்று எடுக்கலாம் என்று தோன்றியது. கொஞ்சம் பின்னால் போம்மா என்றேன். ஓரடி வைத்து, “போதுமாப்பா?” என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன். போன் திரையில் வெயில் பட்டுக் கூசியது; அதைக் கையால் மறைத்துக்கொண்டு, குனிந்து, வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். “போதுமாப்பா?” என்று கேட்டது. கேட்டதென்று எனக்கு நன்றாகத் தெரியும். பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் தூரத்திலிருந்து, கேட்டது. நான் நிமிர்ந்தபோது திரையில் ஏரி முழுவதும் அழகாக விழுந்திருந்தது. அவள் இல்லை.

ஆறு அடி. போதும் என்ற ஒரு வார்த்தைக்காக ஆறு அடி.

அன்றே கிறுக்கிக்கு முழுக்குப் போட்டேன். இரண்டு பலகைகளையும் கருவிப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். லென்ஸ் போய்விட்டது, அக்காவுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். ஃபைலை மட்டும் அழிக்கவில்லை. அழிக்கக் கை வரவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்துக்கு மேல் விரலை வைத்து ‘நீக்கு’ என்று எப்படி அழுத்துவது?

அந்த ஒரு தப்பில் எல்லாம் போயிற்று.

எட்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை, நான் வேலைக்குப் போன கட்டடம் பூட்டிக் கிடந்தது. பதினோரு மணிக்கே வீடு திரும்பினேன். தெருமுனையிலேயே வாசனை வந்தது. தீய்ந்த மரம். அந்த வாசனை எனக்குப் பழக்கம். ஆனால் அன்று அது மூக்கில் ஏறியதும் நான் ஓடினேன். இந்த வயதில் நான் தெருவில் ஓடியதை ஜன்னல்களிலிருந்து நாலு பேர் பார்த்திருப்பார்கள்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. கிறுக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் எழுந்தாள். லென்ஸைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தாளாம், சரியாகிவிட்டதாம். நான் பண்ணுவதைப் பார்த்துப் பார்த்து எல்லாப் பட்டனும் அவளுக்கு மனப்பாடம். மருந்துக் கடையில் இந்த வாரம் அவளுக்கு மாலை வேலை. காலையில் நான் கிளம்பினதும் உட்கார்ந்துவிடுகிறாளாம்.

“அவ வர்றதப் பாக்கணும்போல இருந்துச்சு. அடியிலேந்து மெல்ல மெல்ல வருவாளே, அதுக்காக.”

நாற்காலிக்குக் கீழே மூன்று பலகைகள் அடுக்கி வைத்திருந்தாள்.

“ஆனா எனக்கு அளவு சரியா வைக்கத் தெரியல போல. ஒவ்வொரு தடவையும் சின்னதாயிட்டே போறா.”

நான் குனிந்து எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கல். நான்காம் கல். ஐந்தாம் கல். கடைசிப் பலகையில் அவள் என் சுண்டுவிரலைவிடச் சிறியவள். காலணி முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கில் தொடங்கியிருந்தது. அவள் குதிகாலுக்குப் பின்னால் இன்னும் ஒரே ஒரு கல். அதன் விளிம்பு நானூற்றுப் பதினாறாவது வரி. அதை அளந்துதான் வைத்திருந்தேன்.

திரையைப் பார்த்தேன். நானூற்று ஐந்து.

பலகையில் வெறும் தரைக்கல்.

நானூற்று ஆறு.

நிறுத்தும் பட்டனுக்குக் கையை நீட்டினேன். என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் அவ வரல” என்றாள்.

நானூற்று ஏழு.

நிறுத்தினால் அவள் எங்கே நிற்பாள்? அந்தப் பலகையில் இல்லாமலே போய்விடுவாளா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், வரிக்கு ஆறு நொடி வீதம் இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை என்பதுதான். பதின்மூன்று மாதமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததை அந்த ஒரு நிமிடத்துக்குள் கொட்டினேன். தலையும் வாலும் இல்லாமல் சொன்னேன். ஓடவில்லை என்றேன். பின்னால் போகச் சொன்னேன், போதுமா என்று கேட்டாள், மூன்று முறை கேட்டாள், எனக்குக் காதில் விழுந்தது, நான் பதில் சொல்லவில்லை என்றேன். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், இது கடைசி அடி என்றேன்.

என் மனைவி மணிக்கட்டை விட்டாள். பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் தெரியவில்லை.

நானூற்றுப் பதினான்கு.

“நீங்க சொல்லித்தானே போனா” என்றாள் மெதுவாக. “நீங்களே கூப்பிடுங்க.”

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, பலகையைப் பார்த்து, வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டேன்.

“போதும் சுண்டு. போதும்மா. முன்னால வா.”

தலை நின்றது.

வரியின் நடுவில், எந்த இயந்திரமும் நிற்காத இடத்தில், நின்றது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் புகை அசையவில்லை.

பிறகு தலை கீழே இறங்கியது. அதை யாரும் இறக்கவில்லை. ஃபைலில் அப்படியொரு கட்டளை இல்லை. பலகையின் அடிவிளிம்பு வரைக்கும் வந்து, ஏற்கெனவே சுட்ட தரைக்கல்லின் மேலேயே இடமும் வலமுமாக ஓட ஆரம்பித்தது. அடர்ந்த கறுப்பு. முழுச் சூடு.

இரண்டு காலணிகள்.

அவள் காலின் உண்மையான அளவில். நுனி எங்களைப் பார்த்து. அவற்றுக்கு மேல் கால் இல்லை, கவுன் இல்லை, எதுவும் இல்லை. அங்கிருந்து அடுத்த அடி வைத்தால் பலகைக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

கிறுக்கி தானாக ஓய்ந்தது. நான் தரையைப் பார்த்தேன். இரண்டு வருடமாக யாரும் மிதிக்காத சாக்கட்டிக் கோடு, ஓரிடத்தில், நாலு விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது.

என் மனைவியின் உடை நுனி யாரோ பற்றிக்கொண்டதுபோல் ஒரு பக்கமாக இழுபட்டது. அவள் திரும்பவில்லை. கையை மட்டும் மெல்லக் கீழே இறக்கி, காற்றில், ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் வைத்தாள். அவள் தோள்கள் குலுங்கின.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி எழுத எனக்கு ஆசை. ஆனால் எழுத அதிகமில்லை. காலையில் கண் விழித்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் தீய்ந்த மரத்தின் வாசனை இருக்கும். தட்டு மூன்று வைத்தோம். என் மனைவி தலைவாரிக்கொள்ளும்போது இன்னொரு சீப்பையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வாள். பதின்மூன்று மாதம் அதிகம் வாய் திறக்காதவள் அடுக்களையில் கதை சொன்னாள். பேச்செல்லாம் சுண்டுவிடம்தான். என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினாள்.

“உங்கள நான் மன்னிக்கல. அவ கேட்டுட்டிருக்கா, அதனால சண்டை போடாம இருக்கேன்.”

அது நியாயம்தான். அதற்குக்கூட நான் சந்தோஷப்பட்டேன். லேசரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். நான் வாயைத் திறக்கவே பயந்தேன்; நடக்கும்போது எதிரில் யாராவது வந்தால்கூட ‘தள்ளிக்கோங்க’ என்று சொல்லாமல் நானே சுவரோரமாக ஒதுங்கிப் போவேன்.

பத்தொன்பதாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது, என் மனைவி மூன்றாவது தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மோப்பம் பிடிப்பதுபோல் முகத்தைத் திருப்பினாள். வீட்டில் மணி ஏழடிக்கும் நேரம். வெங்காயம் வதங்கிய வாசனை இருந்தது, சோப்பு வாசனை இருந்தது. தீய்ந்த மரத்தின் வாசனை இல்லை.

“சாயங்காலம் எண்ணெய் தெறிச்சுது” என்றாள். குரல் யாருடையதோபோல் இருந்தது. “இடுப்பப் புடிச்சிட்டு நின்னுட்டிருந்தா. சுட்டுடப்போகுதுன்னு... தள்ளிப் போம்மான்னு சொன்னேன்.”

“எப்ப?”

“நாலு மணி இருக்கும்.”

“போதும்னு சொன்னியா?”

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

மூன்று மணி நேரமாகச் சுண்டு பின்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

நாங்கள் கூப்பிட்டோம். ஒவ்வோர் அறையிலும் கூப்பிட்டோம். வாசற்கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கூப்பிட்டோம். எதிர்வீட்டு விளக்கு எரிந்தது, அணைந்தது. கடைசியில் என் மனைவிதான் பின்னறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து லேசரை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் முறுக்கும்வரை திருகாணியை அவள் பிடித்துக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு. வெறும் கல்.

இருநூற்று அறுபது.

முந்நூற்று ஒன்று.

முந்நூற்று முப்பத்தேழு. என் மனைவி “போதும்... போதும்...” என்று விடாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

முந்நூற்று அறுபத்தெட்டு.

முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கில் காலணி தொடங்கியது.

இரண்டாயிரம் வரியும் முடியும்வரை அங்கேயே நின்றோம். ஐந்தாம் கல்லில், கம்பி இல்லாத இடத்துக்கு ஓரடி முன்னால், சுண்டு நிற்கிறாள். இந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை. ஒரு கையை வாயருகே குவித்து வைத்திருக்கிறாள், தூரத்தில் இருப்பவர்களிடம் எதையோ கேட்கிற மாதிரி. என்ன கேட்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

என் மனைவி கோட்டைத் தாண்டிப் போனாள். குனிந்து, சூடு ஆறாத பலகைக்கு உதட்டை வைத்து, “போதும்” என்றாள். பிறகு என் பக்கம் வந்து என் சட்டையைப் பற்றிக்கொண்டு, என் மார்பில் முகத்தை வைத்து அழுதாள். அவள் என்னைத் தொட்டு இருபது நாளாகியிருந்தது. தள்ளிப் போ என்பது எவ்வளவு சாதாரணமான வார்த்தை, எத்தனை பிரியத்தோடு வாயிலிருந்து வருகிறது என்று இப்போது அவளுக்கும் தெரியும். அவளுக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம். ஆயுள் முழுக்க அவள் என்னை வெறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

சுண்டுவின் காதில் அது விழுந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரே வழி இன்னொரு பலகை சுடுவதுதான். விழவில்லையென்றால் அந்தப் பலகைதான் ஆறாவது அடி. அதனால் சுடவில்லை. இயந்திரத்தின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை என் மனைவி வைத்திருக்கிறாள். புதுப் பலகை ஒன்றை மட்டும் அவள் கொண்டுவந்து கிறுக்கியின் மேல் வைத்தாள். வர நினைத்தால் வர ஓர் இடம் வேண்டுமே என்றாள்.

மறுநாள் காலையில் அந்தப் பலகையின் அடிவிளிம்பில் ஒரு வரி சுட்டிருந்தது. தலைமயிர் கனத்தில், இடமிருந்து வலம்.

அதற்கு மறுநாள் இரண்டாவது வரி. வலமிருந்து இடம்.

வயர் அலமாரிக்குள் பூட்டியபடியே இருக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. விடிந்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பின்னறைக்குப் போகிறோம். நான் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணுகிறேன். அவள் பலகைக்கு மேல் குனிந்து அன்றைக்கான வார்த்தையைச் சொல்கிறாள். வெளியே வேறெங்கும் அந்த வார்த்தையை நாங்கள் செலவழிப்பதில்லை.

அது சுண்டுவுக்குக் கேட்டிருந்தால் அவள் முன்னால் வந்திருப்பாள்; இருநூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னாலேயே காலணி தொடங்கிவிடும்.

இன்றோடு நாற்பத்தோரு வரி. இன்னும் தரைக்கல்தான்.